ஒரு மாதிரி வருது

மயக்கவியல் படிப்பில் எனக்கு நாலாவது மாதம். மேசையில் இருந்தவருக்கு இரண்டாவது சிசேரியன். முதுகில் ஊசி போட்டுப் படுக்க வைத்தோம். கர்ப்பப்பையின் பாரம் பின்னால் ஓடும் பெரிய சிரையை நசுக்காமலிருக்க, வலது இடுப்புக்கு அடியில் துணிச்சுருள் வைத்து இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்தேன். மார்புவரை மரத்துப்போயிருந்தது. சிசேரியனுக்கு அந்த அளவு வேண்டும்.

"பேசிட்டே இருங்க மேடம், பயமா இருக்கு" என்றார். மூத்த பொண்ணு சேட்டையெல்லாம் சொன்னார். திடீரென்று, "மேடம், ஒரு மாதிரி வருது."

"ஒண்ணுமில்லம்மா. கண்ண மூடிப் படுங்க" என்றேன். அதட்டாமல் சொன்னேன் என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

மானிட்டரின் பீப் ஒலி தள்ளித்தள்ளி விழ ஆரம்பித்தது. 64. 52. 41. நெற்றியில் வேர்வை, உதட்டில் நிறமே இல்லை. பேச்சு நின்றுவிட்டது. பிரஷர் கருவியை மூணு நிமிஷத்துக்கு ஒருமுறை அளக்கும்படி வைத்திருந்தேன்; அடுத்த அளவு இன்னும் வரவில்லை. அதற்குள் சீனியர் அக்கா அட்ரோபின் 0.6 மில்லிகிராமை ஏற்றிவிட்டார். அடுத்து பிரஷர் ஏற்றும் மருந்து. "கால தூக்குங்க, டிரிப்ப வேகமா விடுங்க!" அம்மாவின் பிரஷர் விழுந்தால் குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். அந்த ஒரு நிமிஷம் இரண்டு உயிருக்கானது.

பிறகு டீ குடிக்கும்போது கேட்டேன்: "ரத்தம் பத்தலன்னா இதயம் வேகமாத்தானே அடிக்கணும்?"

வழக்கமாக அப்படித்தான். ஆனால் இதயத்தை முடுக்கும் நரம்புகள் மார்புத் தண்டுவடத்தின் மேல் பகுதியிலிருந்து, முதல் நாலு நரம்பு மட்டங்களிலிருந்து கிளம்புகின்றன. மருந்து அதுவரை ஏறினால் அவையும் மரத்துப்போகும். எதிர்ப்பக்கம் வேகஸ் நரம்பு மட்டும் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும். கால்களின் ரத்தக்குழாய்கள் தளர்ந்து ரத்தம் அங்கேயே தேங்கும். சரியாக நிரம்பாத இதயம், நிரம்ப நேரம் கேட்பதுபோல, இன்னும் மெதுவாகும். பெசோல்ட், யாரிஷ் இருவர் பெயரால் சொல்லப்படும் அனிச்சைச் செயல் இது.

"அவங்க சொன்னப்பவே நீ மானிட்டரப் பாத்திருக்கணும்" என்றார் அக்கா. அவ்வளவுதான் திட்டு.

1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் தொடங்கிவைத்த முறை இது. நோயாளி விழித்திருப்பதுதான் இதில் பெரிய வசதி. விழித்திருப்பவர் சொல்வதைக் காதில் வாங்காவிட்டால் அந்த வசதியால் என்ன பிரயோஜனம்? பிரசவ அறையில் பெண்கள் எது சொன்னாலும் பயம் என்றே எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். நானும் நாலே மாசத்தில் பழகியிருந்தேன்.

குழந்தை அழுதது. மானிட்டரில் 96. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னேன்ல மேடம்?"

"சொன்னீங்க. நான்தான் சரியா கேக்கல."

இப்போது ஊசி போட்டதும் பிரஷரை நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். ஊசிக்கு முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன்: "ஒரு மாதிரி வந்தா உடனே சொல்லுங்க. நான் கண்டுக்கலன்னா, சத்தமா சொல்லுங்க."