குமிழி சொன்ன சேதி

அப்பாவுக்கு வயித்து வலின்னு ராணிப்பேட்டைல அல்ட்ராசவுண்ட் எடுத்தோம். ரிப்போர்ட்ல, கல்லீரல்ல 2 செ.மீ. கட்டி, மேற்கொண்டு பாக்கணும்னு ஒரே வரி. 30 வருஷம் தோல் கம்பெனியில குரோம் தண்ணியில நின்ன மனுஷன். எங்க ஊர்ல யாருக்கு என்ன வந்தாலும் முதல் சந்தேகம் அந்தத் தண்ணி மேலதான். ராத்திரி முழுக்க கூகுளைக் கேட்டு வயித்துல புளியைக் கரைச்சுக்கிட்டதுதான் மிச்சம். அப்பாகிட்ட "சும்மா கொழுப்புக் கட்டிப்பா"ன்னு புளுகிட்டேன்.

வேலூர் டாக்டர், கிரியேட்டினின் ஏறியிருக்கு, சி.டி. ஸ்கேன் மருந்து வேணாம்னு சொல்லி கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டுக்கு எழுதினார். கைநரம்புல ஒரு ஊசி, அவ்ளோதான். உள்ள போறது சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு வாயு அடைச்ச நுண்குமிழிகள். அட, காலேஜ்ல சர்க்யூட் பிரேக்கர் பாடத்துல படிச்ச அதே எஸ்.எஃப்.6! குமிழி ரத்தச் சிவப்பணுவை விடச் சின்னது, குழாயை விட்டுக் கசியாது, ஒலியைப் பலமா எதிரொலிக்கும். 1968-ல கிராமியாக், ப்ரவீண் ஷான்னு ரெண்டு பேர் இதயத்தை எக்கோ பாக்கறப்ப, ஊசி போட்டதும் திரையில எதிரொலி கூடுறதைக் கவனிச்சு எழுதினாங்க. அங்க ஆரம்பிச்ச கதை இது.

கல்லீரலுக்கு ரெண்டு ரத்த லைன். முக்கால்வாசி போர்ட்டல் சிரை, மீதி தமனி. ஈரல்லயே கிளம்புற புற்றுநோய் பெரும்பாலும் தமனியை நம்பி வளரும். அதனால முதல் அரை நிமிஷத்துல பளிச்சுனு ஆகி, அப்புறம் சுத்தியிருக்கற ஈரலை விட மங்கிடும். ஹீமாஞ்சியோமாங்கற சாது கட்டின்னா ஓரத்துலேர்ந்து பொட்டுப் பொட்டா வெளிச்சம் வந்து, மெள்ள நடுவுக்கு நிறையும். மங்காது.

என்னையும் உள்ள விட்டாங்க. கட்டியோரத்துல பொட்டுகள் வந்துச்சு. 1 நிமிஷம், 2, 3... மங்கிடாதே மங்கிடாதேன்னு மனசுக்குள்ள ஒரே ஜபம். மங்கல. "ஹீமாஞ்சியோமாதான், பயப்படாதீங்க"ன்னார் டாக்டர்.

வெளிய பெஞ்சுல உக்காந்து அப்பா நீளமா ஒரு மூச்சு விட்டார். அந்த வாயு கிட்னி பக்கம் போகாம, கால் மணி நேரத்துல மூச்சோடவே வெளியேறிடுமாம்.

பஸ் ஆற்காடு தாண்டிப் பாலாத்துப் பாலம் ஏறினப்பதான் வாயைத் திறந்தார்: "கொழுப்புக் கட்டின்னு சொன்னியே, அன்னிக்கே உன் மூஞ்சி சொல்லிடுச்சுடா."

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, பொட்டி தட்டுறவன். ரிப்போர்ட்டை டாக்டர்கிட்டயே காட்டுங்க, கூகுள்கிட்ட வேணாம் :)