இறங்கித் தள்ள மாட்டோம்

"ஞாயிற்றுக்கிழமை ஆனா சைக்கிளை எடுத்துக்கிட்டு மலைக்குப் போயிடுறீங்களாமே, இயக்க வேலையை யார் பாக்கிறது?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். கேலியாகக் கேட்பவர்களும் உண்டு, உண்மையிலேயே கவலைப்பட்டுக் கேட்பவர்களும் உண்டு. இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

நாங்கள் சேவூரையும் ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவர்கள். மொத்தம் பதினோரு பேர், அதில் நான்கு பேர் பெண்கள். பாதிப் பேர் கல்லூரியில் படிக்கிறோம். ஒரு தோழி சட்டம் படிக்கிறார். மூன்று பேர் கூலிக்குப் பட்டு நெய்கிறார்கள். வாரம் பூராவும் குழித்தறியில் மிதித்த காலோடு ஞாயிற்றுக்கிழமையும் மிதிக்கப் போகிறாயா என்று அவர்கள் வீட்டில் சிரிக்கிறார்கள். தறியில் எவ்வளவு மிதித்தாலும் உட்கார்ந்த குழியிலேயேதான் இருக்கிறோம், சைக்கிளில் மிதித்தால் ஊராவது நகர்கிறது என்று ஒரு தம்பி பதில் சொன்னான்.

சைக்கிள்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஏழு சைக்கிள்கள் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்தவை. இந்தத் திட்டம் 2001-02இல் முதலில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்காகத்தான் தொடங்கப்பட்டது, பிறகுதான் எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. இதை இன்றைய மாணவர்களில் பலர் அறியமாட்டார்கள். அந்தச் சைக்கிளில் கேரியரையும் மட்கார்டையும் கழற்றி, பின்சக்கரத்துக்குப் பட்டன் டயர் போட்டு, பிரேக் கட்டையை மாற்றினால் மண் பாதைக்குத் தாங்கும். கியர் சைக்கிள் இரண்டு இருக்கின்றன, இரண்டும் பழசு வாங்கியவை. ஏற்றம் வந்தால் அந்த இரண்டையும் முறை வைத்து மாற்றிக்கொள்கிறோம். முறை யாருடையது என்பதில் நடக்கும் சண்டையை இங்கே எழுத முடியாது.

போகிற இடங்கள் எல்லாம் பக்கத்தில் இருப்பவைதான். போளூர் சாலையில் வடமாதிமங்கலம் பக்கம் திரும்பினால் திருமலை. பாறையில் செதுக்கிய பதினாறு அடி உயர நேமிநாதர் அங்கே நிற்கிறார். குந்தவை பெயரில் அமைந்த சமணக் கோயில் இருக்கிறது, குகையில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. சாதியைக் கேட்காத சமயங்கள் இந்த மண்ணில் வேர் பிடித்திருந்தன என்று பண்டிதர் அயோத்திதாசர் ஏன் அவ்வளவு பாடுபட்டு எழுதினார் என்று அந்தப் பாறைக்கடியில் உட்கார்ந்து பேசுவோம். அவர் பேசியது பௌத்தத்தை, இது சமணம். அந்த வேறுபாட்டையும் அங்கேயே சண்டை போட்டுத் தீர்ப்போம். இன்னொரு பக்கம் சந்தவாசல் வழியாகப் படவேடு, அதைத் தாண்டி ஜவ்வாது மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு அணை. ஒரே ஒரு முறை போளூரிலிருந்து மலையேறி ஜமுனாமரத்தூர் வரைக்கும் போனோம். அன்றைக்குக் கியர் இல்லாத சைக்கிளில் ஏறியவர்களின் முழங்காலைக் கேட்டால் தெரியும்.

பூசிமலைக்குப்பத்துக்கு அடிக்கடி போவோம். ஆரணி ஜாகீர்தார் கட்டிய மாளிகை அங்கே காட்டோரமாக இடிந்து கிடக்கிறது. யூடியூப்காரர்கள் வந்து பேய் பங்களா என்றும், வெள்ளைக்காரப் பெண்ணுக்காகக் கட்டிய காதல் மாளிகை என்றும் படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்தச் சுவருக்குக் கல் சுமந்தது யார், சுண்ணாம்பு அரைத்தது யார், என்ன கூலி கொடுத்தார்கள் என்று ஒரு வீடியோவாவது கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. பேய்க்கு இருக்கிற மரியாதை கூலிக்காரருக்கு இல்லை.

பாதை விஷயத்திலும் இதே கதைதான். நகரங்களிலிருந்து விலை உயர்ந்த சைக்கிள்களில் வருகிறவர்கள் மலையடிவாரப் பாதைகளை 'நாங்கள் கண்டுபிடித்த டிரெயில்' என்று வரைபடத்தில் ஏற்றுகிறார்கள். அவை ஆடு மேய்ப்பவர்கள் நடந்து உண்டான தடங்கள், விறகுக்கட்டோடு பெண்கள் இறங்கி வந்த தடங்கள், மலையாளிப் பழங்குடி மக்கள் சந்தைக்குப் புளியும் தேனும் சுமந்த தடங்கள். எங்களில் இரண்டு பேருடைய பாட்டிகள் அப்படி விறகு சுமந்தவர்கள். ஆகவே ஒற்றையடிப் பாதையில் எதிரே யாராவது சுமையோடு வந்தால், சைக்கிள்தான் ஓரம் ஒதுங்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதில்லை. விறகு பொறுக்கப் போனவர்கள் மேல் வழக்குப் போட்டதை எல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். பொழுதுபோக்குக்குப் போய் வழக்கு வாங்கத் தேவையில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறோம். இது இயக்க வேலையா?

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள், 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிரிவு 3(1)இல் இசட்-ஏ என்ற உட்பிரிவு புதிதாகச் சேர்ந்தது. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்பு அணிவதையும், புதுத்துணி உடுத்துவதையும், கல்யாண ஊர்வலம் போவதையும் தடுப்பது குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் 'சைக்கிள்' என்று பெயர் சொல்லிச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், சாலைகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். நடந்துகொண்டிருந்தது என்று இறந்தகாலத்தில் எழுதவும் கை வரவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டினான் என்பதற்காக ஒரு கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள் என்று புகார் எழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

நூறு ஆண்டுக்கு முன்பே இதற்கு ஓர் அடித்தளம் போடப்பட்டது. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டு வந்தார்: பொதுச் சாலை, தெரு, கிணறு எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது. அரசாணையும் வந்தது. ஆனால் அதற்கு ஐம்பது ஆண்டு கழித்தும், ஊர்த் தெரு முனை வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனதாக எங்கள் தாத்தாக்கள் சொல்கிறார்கள். ஒரு தாத்தா வாடகைச் சைக்கிளில் கற்றுக்கொண்டவர். மணிக்கணக்குக்குக் காசு கொடுத்த சைக்கிளில் கால் மணி நேரம் தள்ளியே போய்விடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டியும் சாதியும் பற்றி அண்ணல் அம்பேத்கரே எழுதியிருக்கிறார். 1929இல் சாளிஸ்காவில் ரயிலை விட்டு இறங்கிய அவருக்கு வண்டி ஓட்ட எந்தக் குதிரை வண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. எங்கள் தலைவர் நடந்து வரக்கூடாது என்று சேரி மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டத் தெரியாத ஒருவரையே ஓட்ட வைத்தார்கள். வண்டி கவிழ்ந்து அவருக்குப் பலத்த அடி. அமெரிக்காவிலும் 1894இல் அந்நாட்டின் பெரிய சைக்கிள் சங்கம் கறுப்பர்களை உறுப்பினராக்க மறுத்து விதி போட்டது. ஐந்தே ஆண்டில், 1899இல், மேஜர் டெய்லர் என்ற கறுப்பர் உலக சாம்பியன் ஆனார். எங்கள் கியர் சைக்கிள் ஒன்றுக்கு 'டெய்லர்' என்று பெயர். தையல்காரரா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுவோம்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறோம். ஊர் பெயர் வேண்டாம். மலையடிவாரத்திலிருந்து திரும்பும் வழியில் ஒரு தெருவுக்குள் வந்தோம். திண்ணையில் இருந்த பெரியவர் கை காட்டி நிறுத்தினார்.

"எந்த ஊருப்பா?"

"சேவூரு பக்கம் தாத்தா."

"சேவூர்ல எந்தத் தெரு?"

தெருவைக் கேட்டால் என்ன கேட்கிறார் என்று நமக்குத் தெரியாதா. ஒரு தம்பி தெருவின் பெயரைத் தயங்காமல் சொன்னான். அரசு 2025இல் 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. திண்ணையில் நீக்க இன்னும் யாரும் வரவில்லை. "கோயில் தெரு இது. எறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க" என்றார். இன்னும் நாலைந்து பேர் எழுந்து வந்தார்கள். எங்களில் பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் இருந்தான், அவன் கால் தரையில் ஊன்றி நடுங்கியதைப் பார்த்தோம். சட்டம் படிக்கும் தோழிதான் பேசினார். "தாத்தா, இது பஞ்சாயத்து ரோடு. நாங்க மெதுவா ஓட்டிக்கிட்டே போறோம். தடுத்தா அது கேஸ் ஆகும், உங்க பேரப்பிள்ளைங்க படிப்பு, வேலைக்கெல்லாம் தொந்தரவு." குரலை உயர்த்தவே இல்லை. பின்னால் வந்தவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சின்னப் பையனை நடுவில் விட்டு, இரண்டு இரண்டு பேராக ஓட்டிக்கொண்டே போனோம். முதுகுக்குப் பின்னால் கேட்ட சொற்களை எழுதவில்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. அடுத்த புதன்கிழமை, எங்களில் நெசவு செய்யும் ஒருவரின் அப்பாவைத் தறி முதலாளி கூப்பிட்டார். பையனை அடக்கி வை, இல்லாவிட்டால் அடுத்த பாவு கிடையாது, வாங்கின முன்பணத்தையும் எடுத்து வை என்றார். அந்தத் தெருவில் முதலாளிக்குச் சம்பந்தி இருக்கிறாராம். முன்பணம் என்பது இங்கே பல வீடுகளின் கழுத்தில் கிடக்கும் கயிறு. அன்றிரவு எல்லோரும் கூடினோம். அந்த வழியை விட்டுவிடலாம், சுற்றிப் போனால் நான்கு கிலோமீட்டர்தான் அதிகம் என்று சிலர் சொன்னோம். பாவு நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது, அதை லேசாகப் பேசக்கூடாது என்பதும் சரிதான். கடைசியில் அந்த அப்பாதான் முடிவு சொன்னார்: "நான் எறங்கித் தள்ளினவன்தான். இவன் தள்ள வேணாம். வேற மொதலாளி கிட்ட தறி கேக்குறேன்." முன்பணத்தை அடைக்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருக்கிறோம், பாதிதான் சேர்ந்திருக்கிறது. புகார் மனுவும் எழுதி வைத்திருக்கிறோம். கொடுப்பதா, எப்போது கொடுப்பது என்பதை அந்தக் குடும்பம்தான் சொல்ல வேண்டும், நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

வரும் ஞாயிறு மறுபடியும் அதே வழியில்தான் போகிறோம். விடியற்காலை ஐந்தரைக்குச் சேவூரிலிருந்து கிளம்புவோம். வருகிறவர்கள் ஒரு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்து வாருங்கள். வழியில் டீக்கடையில் எல்லோருக்கும் பேப்பர் கப்பில்தான் கொடுப்பார்கள். எவர்சில்வர் டம்ளர் யாருக்கு வருகிறது என்று மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். அரசு சைக்கிளாக இருந்தாலும் பரவாயில்லை, பிரேக் நன்றாகப் பிடித்தால் போதும்.