நாலாம் பக்கத்துக்குப் போன நிலாவெளி

"கூகுள் எங்களைத் தண்டிச்சிட்டுது." இணையத்தளம் வைத்திருக்கிறவர்கள் இதைச் சொல்லும்போது ஏழரைச் சனி பிடித்த மாதிரித்தான் சொல்லுவார்கள். நேற்றுவரை முதல் பக்கத்தில் இருந்தோம், இண்டைக்கு இல்லை, காரணம் மேலே இருக்கிறவனுக்குத்தான் வெளிச்சம். நான் கலைப்பீடத்துக்காரி. கணினிக்கும் எனக்கும் பெரிய உறவு கிடையாது. ஆனாலும் நிலாவெளியில் நாலு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துகிற சித்தப்பா இதே வசனத்தைச் சொன்னபோது, சும்மா தலையாட்டிவிட்டு இருக்க முடியவில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரைக்கும்தான் சீசன். அந்த ஆறு மாதத்தில் வருவதை வைத்துத்தான் சித்தி மாரி முழுக்கச் சமாளிக்க வேண்டும்.

அவருக்கு ஏற்கெனவே ஒருத்தர் வைத்தியம் சொல்லியிருந்தார். மாதாமாதம் காசு கட்டினால் நூற்றுக்கணக்கான தளங்களில் இருந்து இணைப்புப் போட்டுத் தருவாராம். "கட்டிப் பாப்பமா பிள்ளை?" என்று கேட்டார்.

கட்ட வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1998 இல் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த செர்ஜி பிரினும் லாரி பேஜும் கூகுளை வடிவமைத்தபோது, ஆய்வுக்கட்டுரைகளில் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டுவதை ஒத்த ஒரு யோசனையைத்தான் எடுத்தார்கள். பலர் சுட்டுகிற பக்கம் முக்கியமானது. முக்கியமானவர்கள் சுட்டினால் இன்னும் முக்கியமானது. எங்கட விரிவுரையாளர்கள் உசாத்துணைப் பட்டியலைப் பார்க்கிற பார்வைதான். அப்படியென்றால் காசுக்கு மேற்கோள் வாங்கலாமே என்று ஆட்கள் யோசிக்காமல் விடுவார்களா? 2011 இல் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைக்காக இப்படி ஆயிரக்கணக்கான இணைப்புகள் போடப்பட்டிருந்ததை நியூயோர்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. பெப்ரவரி 1 ஆம் திகதி, 59 தேடற்சொற்களில் சராசரியாக 1.3 ஆம் இடத்தில் இருந்த கடை, 10 ஆம் திகதி 52 ஆம் இடத்துக்குப் போனது. அடுத்த வருசம் கூகுள் தன்னுடைய குரோம் பக்கத்தையே இதே மாதிரியான குற்றத்துக்காகக் கீழே இறக்கியது. தன் பிள்ளையையே முழங்காலில் நிற்கவைத்த வாத்தியார் கதை!

ஆனால் சித்தப்பா ஆரிடமும் எதையும் வாங்கியிருக்கவில்லை. அப்ப தண்டனை என்ற கதையே பொருந்தாது. உண்மையில் கூகுள் ஒரு தளத்தைக் கையால் தண்டித்தால் அதைச் சேர்ச் கொன்சோல் என்ற இலவசக் கருவியில் எழுதியே அறிவிக்கும். அங்கே அப்படி ஒரு அறிவித்தலும் இல்லை.

அந்தக் கருவியில் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்: தேடலில் எத்தனை தடவை காட்டப்பட்டோம், எத்தனை பேர் அழுத்தினார்கள், சராசரி இடம் எது. இடம் அப்படியே இருந்து காட்டப்பட்ட தடவை மட்டும் குறைந்தால், தேடுகிற ஆட்களே குறைந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இடமும் தடவையும் மாறாமல் அழுத்துவது மட்டும் குறைந்தால், எங்களுக்கு மேலே விளம்பரமோ வேறேதோ வந்து குந்தியிருக்கக்கூடும். இடமே விழுந்திருந்தால்தான் தளத்தைத் தோண்ட வேண்டும். சீசன் தொழிலென்றால் போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை, போன வருசத்து அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். எங்களுக்கு இடமே விழுந்திருந்தது. முதல் பக்கத்தில் இருந்து நாலாம் பக்கம். விழுந்த கிழமையைப் பார்த்தால், மாரிக்குள் தளத்தைப் புதுசாக வடிவமைத்த கிழமைக்குப் பக்கத்திலேயே நின்றது.

பிறகு பழைய தளத்தையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழையது வடிவில்லாதது, உண்மைதான். ஆனால் அதில் சித்தி எழுதின ஒரு பக்கம் இருந்தது: புறாமலைக்குப் படகு எங்கே எடுப்பது, கடல் எந்த மாதத்தில் அமைதியாக இருக்கும், ஏன் காலையிலேயே போக வேண்டும், பவளப்பாறையில் ஏன் மிதிக்கக்கூடாது. தங்கிப் போன வெளிநாட்டுக்காரர் சிலர் தங்கள் பயணக்குறிப்புகளில் அந்தப் பக்கத்துக்குத்தான் இணைப்புக் கொடுத்திருந்தார்கள். புதுத் தளத்தைச் செய்தவர் "எழுத்துக் கூடிப்போச்சு" என்று அதைத் தூக்கிவிட்டுப் பெரிய கடற்கரைப் படம் ஒன்றைப் போட்டிருந்தார். மற்றப் பக்கங்களின் முகவரிகளும் மாறியிருந்தன, பழைய முகவரியில் இருந்து புதியதுக்கு வழிமாற்றல் இல்லை. காசு கொடுக்காமலே கிடைத்த அத்தனை மேற்கோளும் இல்லாத பக்கத்தைச் சுட்டிக்கொண்டு நின்றன. தபால்காரருக்குச் சொல்லாமல் வீடு மாறினது மாதிரி.

எல்லா வீழ்ச்சிக்கும் இப்படிக் காரணம் அகப்படாது. கூகுள் வருசத்தில் சில தடவை தன் கணிப்பு முறையையே பரவலாக மாற்றும். 2019 இல் அவர்களே ஒரு உதாரணம் சொன்னார்கள்: 2015 இல் போட்ட சிறந்த 100 படங்களின் பட்டியலை 2019 இல் திரும்பப் போட்டால் சில படங்கள் கீழே போகும், அதற்காக அவை கூடாத படங்களாகிவிடாது. விளக்கம் நியாயம்தான். ஆனால் பட்டியல் போடுகிறவரும் ஒருத்தர், விளம்பர இடத்தை விற்கிறவரும் அவரே என்பதை அந்த உதாரணம் சொல்லாது.

சித்தியின் பக்கத்தைத் திரும்பப் போட்டு, பழைய முகவரிகளுக்கு 301 என்ற நிரந்தர வழிமாற்றலும் கொடுத்தாயிற்று. சில கிழமையில் படகுப் பக்கம் முதல் பக்கத்தின் அடியில் வந்து ஒட்டிக்கொண்டது. "நிலாவெளி அறை" என்று ஆங்கிலத்தில் தேடினால் மட்டும் இன்னும் பெரிய முன்பதிவுக் கொம்பனிகள்தான் மேலே. அவர்கள் ஊடாக ஆள் வந்தால் அறைக்காசில் ஒரு பங்கு அவர்களுக்கு. அதை வெல்லலாம் என்று நான் சித்தப்பாவுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

"அப்ப தமிழில ஒண்டு போடுவமே? கொழும்பாக்களும் யாழ்ப்பாணத்தாக்களும் வாறவைதானே" என்றார். நல்ல யோசனை. சித்தியிடம் தமிழில் ரைப் பண்ணின ஒரு பக்கமும் இருந்தது, ஆனால் பாமினி எழுத்துருவில். திரையில் "அம்மா" என்று தெரிவது அதில் கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தமிழில் தேடுகிற ஆருக்கும் அது அகப்படாது. வருசக்கணக்காக எங்கட ஆட்கள் இணையத்தில் ஏற்றினவற்றில் எவ்வளவு இப்படிக் கிடக்கிறதோ! இப்போது அதை யுனிகோட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றியில் போட்டால் கொம்புகள் அங்கங்கே இடம்மாறி நிற்கின்றன, ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கிறது. ஏப்ரலுக்கு இன்னும் மூன்று கிழமை.