கிலோமீட்டர் சொல்லாத கணக்கு

பழைய கான்கிரீட் பூம் பம்ப் லாரி வாங்க வருபவர் பெரும்பாலும் முதலில் கேபினில் ஏறி, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்ப்பார். ஏழெட்டு வருட வண்டியில் அந்த எண் குறைவாக இருந்தால் முகம் மலர்ந்துவிடும். கூட வந்த மெக்கானிக்கின் கண் அங்கே போகாது. அவர் தேடுவது மணி மீட்டரை. சரக்கு லாரிக்கு ஓட்டம்தான் வேலை. பம்ப் லாரிக்கோ சைட்டுக்கு வந்து, நான்கு கால்களையும் ஊன்றி நின்ற பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

நின்றதும் டிரைவர் பி.டி.ஓ. போடுகிறார். சக்கரத்துக்குப் போக வேண்டிய எஞ்சின் விசை ஹைட்ராலிக் பம்புக்குத் திரும்புகிறது. 300 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும் எண்ணெய் இரண்டு சிலிண்டர்களை மாற்றி மாற்றித் தள்ள, ஹாப்பரில் விழும் கான்கிரீட் 125 மில்லிமீட்டர் குழாய் வழியே மேலே ஏறுகிறது. ஒரு தளம் முடிய ஆறு மணி நேரம் ஆனால் ஆறு மணி நேரமும் எஞ்சின் உறுமிக்கொண்டே நிற்கும். அன்றைக்கு வண்டி சாலையில் ஓடியது இருபது கிலோமீட்டராக இருக்கலாம். அந்த இருபதை நம்பி எஞ்சின் ஆயில் மாற்றும் தேதியைக் குறிப்பவர், வண்டியைத் தன் கையாலேயே கெடுக்கிறார்.

இந்த லாரிகளுக்கு நின்ற இடத்தில் எவ்வளவு உழைக்க முடியும் என்பதை 2011 மார்ச்சில் உலகமே பார்த்தது. ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் நான்காம் உலையின் எரிபொருள் குளத்துக்குத் தண்ணீர் ஊற்ற, 58 மீட்டர் கை கொண்ட ஒரு புட்ஸ்மைஸ்டர் பூம் பம்ப் கொண்டுவரப்பட்டது. ஜப்பானியர்கள் அதற்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதைவிட நீளமான 70 மீட்டர் வண்டிகள் அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கின. கான்கிரீட் தள்ளப் பிறந்த வண்டி அங்கே தண்ணீர் தள்ளியது. உயரத்துக்கு எட்டும் கை, தள்ளி நின்று இயக்கும் ரிமோட், நின்றபடி மணிக்கணக்கில் ஓடும் பம்ப் என மூன்றும் ஒரே வண்டியில் இருந்ததுதான் காரணம்.

அந்த உழைப்புக்கு வண்டி கொடுக்கும் விலை முதலில் ரேடியேட்டரில் தெரியும்.

ஓடும் லாரிக்கு எதிர்காற்று இலவசமாகக் கிடைக்கிறது. நிற்கும் லாரிக்கு ஃபேன் மட்டுமே துணை. சுற்றிலும் சிமெண்ட் தூசு, எம்-சாண்ட் துகள், அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு. ரேடியேட்டரின் இடுக்குகளிலும் ஹைட்ராலிக் ஆயில் கூலரிலும் இது அப்பிக்கொண்டால், கத்திரி வெயிலில் மதியம் ஒரு மணிக்கு வெப்ப முள் மேலே போய் நிற்கும். சூடான எண்ணெய் நீர்த்துப் போகும். நீர்த்த எண்ணெய் பம்புக்குள்ளேயே கசியும், தள்ளும் வேகம் குறையும், சீல்கள் இறுகி வெடிக்கும். பம்ப் பழுது என்று பிரித்துப் பார்க்கும் பல வண்டிகளில் நோய் தொடங்கிய இடம் கழுவாமல் விட்ட கூலர்தான்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்த பிறகு இன்னொரு தலைவலியும் சேர்ந்தது. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி நல்ல சூட்டில்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அடுத்த ரெடிமிக்ஸ் லாரி வரும்வரை பம்ப் லாரி சும்மா இரைந்துகொண்டு நிற்கும் நேரங்களில் அந்தச் சூடு கிடைக்காது; கரி சேர்ந்துகொண்டே போகும். கேபினில் எச்சரிக்கை விளக்கு எரியும். பார்க்கத்தான் ஆள் இருக்காது. ஆபரேட்டர் ரிமோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மூன்றாவது மாடியில் நிற்பார். விளக்கைக் கவனிக்காமல் விட்டால் எஞ்சின் தானாகவே விசையைக் குறைத்துக்கொள்ளும், அதுவும் பாதி தளம் போட்டிருக்கும்போது. ஒவ்வொரு லாரி மாறும்போதும் கேபினை எட்டிப் பார்க்க ஒரு ஹெல்பரைப் பழக்கிவிட்டால் இதில் பாதித் தொல்லை தீரும்.

சரக்கு லாரி போகும்போது பாரத்தோடு போனாலும் திரும்பும்போது பல நாள் காலியாகத் திரும்பும். பம்ப் லாரிக்கு அந்த ஓய்வே கிடையாது. கை, கால்கள், பம்ப் என முழு எடையும் ராத்திரி ஷெட்டில் நிற்கும்போதும் அதன் முதுகில்தான். ஸ்பிரிங் பட்டை, யு-போல்ட், சேசிஸ் போல்ட்டுகள் எல்லாம் அந்த எடையிலேயே வயதாகின்றன. டயரில் பட்டன் அப்படியே இருக்கும், பக்கவாட்டு ரப்பர் வெடித்திருக்கும். பட்டனைப் பார்த்து டயரை விட்டுவைப்பதும் கிலோமீட்டரை நம்பும் அதே தவறுதான்.

பம்பின் உடல்நிலையைச் சொல்ல விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஹைட்ராலிக் சிலிண்டருக்கும் கான்கிரீட் சிலிண்டருக்கும் நடுவே வாட்டர் பாக்ஸ் என்ற தொட்டி இருக்கிறது. பிஸ்டனைக் குளிர்விக்கவும் கழுவவும் அதில் தண்ணீர் நிரப்புவார்கள். பழகிய ஆபரேட்டர் இரண்டு லாரி கான்கிரீட் போனதும் எஞ்சினை அணைத்துவிட்டு அதன் மூடியைத் திறந்து பார்ப்பார். தண்ணீர் தெளிவாக இருந்தால் நிம்மதி. சிமெண்ட் பால் கலந்து வெளுத்திருந்தால் பிஸ்டன் ரப்பர் தேய்ந்துவிட்டது. எண்ணெய்ப் படலம் மிதந்தால் ராடு சீல் போகிறது. ஹைட்ராலிக் டேங்கில் எண்ணெய் பால்போல் மாறியிருந்தால் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது என்று பொருள். உடனே எண்ணெயை மாற்றாவிட்டால் மெயின் பம்பே போய்விடும். மூடியைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். பிஸ்டன் ரப்பரின் விலையை சிலிண்டரின் விலையோடு வைத்துப் பார்த்தவர்கள் அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பதில்லை.

குழாயின் கணக்கு இன்னொரு விதம். அதன் வயதை மணியைவிட கனமீட்டரில் அளப்பதே சரி. குழாயின் சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான். உடைத்த ஜல்லியும் கூர்முனை கொண்ட எம்-சாண்டும் அதை ஓயாமல் அரிக்கின்றன. பெண்டுகளில் வெளிவளைவு முதலில் தேயும், படுத்த குழாயில் அடிப்பக்கம் தேயும். அதனால்தான் நேர்குழாய்களை அவ்வப்போது மூன்றில் ஒரு பங்கு திருப்பி மாட்டுகிறார்கள். சுத்தியலால் தட்டி ஓசையை வைத்தே மெலிந்த இடத்தைச் சொல்லும் கைகள் இந்தத் தொழிலில் உண்டு. ஆனாலும் குழாய் வெடித்தால் கீழே நிற்பவரின் உயிர் போகும் என்பதால், தடிமன் அளக்கும் அல்ட்ராசோனிக் கருவியும் எண்களை எழுதிவைக்கும் நோட்டும் இல்லாமல் வண்டியை அனுப்பக் கூடாது.

நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதலும் இங்கே உண்டு. சீக்கிரம் தேயாதே என்று கனமான குழாயை மாட்டுவார்கள். எட்டவில்லை என்று நுனியில் இன்னொரு ரப்பர் ஹோஸைச் சேர்ப்பார்கள். 125 மில்லிமீட்டர் குழாயின் ஒரு மீட்டரில் நிற்கும் கான்கிரீட் மட்டும் ஏறத்தாழ 30 கிலோ. 36 மீட்டர் கை நீண்டிருக்கும்போது ஒரு டன்னுக்கு மேல் அந்தரத்தில் தொங்குகிறது. அதற்குமேல் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும், ஒவ்வொரு தள்ளலுக்கும் குலுங்கும் கையின் வெல்டிங்கில்தான் போய் உட்காரும். விரிசல் முதலில் பெயின்ட்டில் முடிபோன்ற துருக்கோடாகத் தெரியும். விற்பனைக்கு நிற்கும் பழைய வண்டியின் கை மட்டும் புதுப் பெயின்ட்டில் மின்னினால், அனுபவசாலிகள் சுரண்டிப் பார்க்காமல் விலை பேசமாட்டார்கள். உயர்வலிமை எஃகில் செய்த அந்தக் கையைத் தெருமுனை வெல்டரிடம் ஒட்டக் கொடுப்பது விரிசலை இன்னும் பெரிதாக்கும் வழி.

நடுவில் வண்டி நின்றால் நஷ்டம் வண்டியோடு முடிவதில்லை. ரெடிமிக்ஸ் கான்கிரீட்டைப் பொதுவாக ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 4926. வாசலில் வரிசையாக நிற்கும் லாரிகளில் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். மேலே பாதியில் நின்ற தளத்தில், பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாத கோல்டு ஜாயிண்ட் விழும். அந்தக் கோட்டின் வழியே மழைநீர் கசிவதைப் பின்னாளில் வீட்டுக்காரர்தான் பார்ப்பார். குழாயில் இறுகும் கான்கிரீட்டை அவசரத்தில் எடுக்க, அழுத்தத்தை இறக்காமலே கிளாம்ப்பைத் தட்டித் திறந்து காயப்படுபவர் பெரும்பாலும் மாதச் சம்பளக்கார ஹெல்பர்.

ஆகவே பம்ப் வைத்திருக்கும் முதலாளிகள் எஞ்சினுக்கும் ஹைட்ராலிக்குக்கும் மணிக்கணக்கு, குழாய்க்குக் கனமீட்டர் கணக்கு, கைக்கு வருடா வருடம் தகுதியானவரின் சோதனை என்று மூன்றையும் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும். வண்டிக்கு வயது ஏற ஏறச் சோதனைகள் நெருங்கி வர வேண்டும். வாடகைக்கு எடுக்கும் இன்ஜினீயர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கனமீட்டருக்கு எவ்வளவு ரூபாய் என்று பேரம் பேசுவதற்கு முன்னால், குழாய்த் தடிமன் எழுதிய நோட்டையும் கை சோதித்த சான்றையும் கேளுங்கள். காட்ட முடியாத வண்டியை, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், சைட்டுக்குள் விடாதீர்கள்.