அப்பா சட்டைப்பையில் ஒரு பர்மிட்

ஆண்டு மலர் என்றால் கவிதை எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. நிலா, நட்பு, நாளைய பாரதம் எல்லாவற்றையும் நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் ஒரு காகிதத்தைப் பற்றி எழுதுகிறேன். அதன் பெயர் 'ஒர்க் பர்மிட்'. தமிழில் வேலை அனுமதிச் சீட்டு.

கெமிக்கல் தொழிற்சாலையில் நேராகப் போய் ஸ்பேனரைப் பிடித்துவிட முடியாது. எந்த இடம், என்ன வேலை, எந்த வால்வை மூடியிருக்கிறது, கேஸ் டெஸ்ட் எத்தனை மணிக்கு எடுத்தது என்றெல்லாம் எழுதி, பிளான்ட்காரரும் வேலை செய்கிறவரும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பாடத்தில் இதற்கு அரைப் பக்கம். பரீட்சைக்கு 5 மார்க். அந்த 5 மார்க்குக்காகத்தான் சார் பைப்பர் ஆல்ஃபா கதையைச் சொன்னார். கதை இல்லை, நடந்தது.

ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே வட கடலில் நின்ற எண்ணெய் மேடை அது. 1988 ஜூலை 6. இரண்டு பம்ப்புகளில் ஒன்றின் சேஃப்டி வால்வைப் பகல் ஷிப்ட்டில் கழற்றினார்கள். வேலை மாலைக்குள் முடியவில்லை. குழாய் வாயில் ஒரு தகட்டை வைத்து மூடிவிட்டுப் போனார்கள். இரவில் மற்ற பம்ப் நின்றுபோனது. இரவு ஷிப்ட்காரர்கள் சீட்டைத் தேடினார்கள். பம்ப்பைப் பற்றிய சீட்டு கிடைத்தது. வால்வைப் பற்றிய சீட்டு கண்ணில் படவில்லை. வால்வு கழற்றியிருப்பதை வாயால் சொல்லவும் ஆளில்லை. பம்ப்பை ஓட்டினார்கள். தகட்டின் ஓரத்தில் கேஸ் கசிந்து, 10 மணிவாக்கில் வெடித்தது. காப்பாற்றப் போன 2 பேரையும் சேர்த்து 167 பேர் செத்தார்கள்.

தீயணைப்பு பம்ப்பும் அன்றைக்குத் தானாக ஓடாதபடி மாற்றி வைத்திருந்தது. கடலுக்குள் டைவர்கள் வேலை செய்ததால் அப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கிறது பாருங்கள்! விசாரித்த லார்டு கல்லன் 1990-ல் 106 பரிந்துரைகள் கொடுத்தார். சீட்டு முறை அங்கே இல்லாமல் இல்லை. இருந்தது, நடைமுறையில் தளர்ந்துபோயிருந்தது. வகுப்பில் எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டோம். எனக்கு மட்டும் அப்பா ஞாபகம்.

அப்பா கடலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். பெயர் வேண்டாம். டேங்க்குக்குள் இறங்கிச் சேறு அள்ளுவார். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எங்கள் வீட்டில் டிப்ளமா வரை வந்த முதல் ஆள் நான். போன லீவில் அவர் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் பர்மிட்டின் கார்பன் காப்பி இருந்தது. முழுக்க ஆங்கிலம். கீழே அப்பாவின் கோணல் கையெழுத்து.

படித்துப் பார்த்தேன். ஆக்சிஜன் 20.9 என்று காலை 9 மணிக்கு எழுதியிருந்தது. நல்ல எண்தான், வெளிக்காற்றில் இருப்பதும் அதுதான். 19.5-க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. ஆனால் அப்பா இறங்கியது சாப்பாட்டுக்கு அப்புறம், 3 மணிக்கு. மறு டெஸ்ட் என்ற கட்டம் வெறுமையாகக் கிடந்தது. சேற்றைக் கிளறக் கிளற உள்ளே இருக்கிற கேஸ் வெளியே வரும். காலைக் காற்று வேறு, மதியக் காற்று வேறு.

சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதெல்லாம் கேட்டா நாளைக்கு கேட்டுக்குள்ள விட மாட்டான் தம்பி. உன் பீஸு?" என்றார்.

இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே, விஷவாயு இல்லை என்று தகுதியானவர் எழுத்தில் சான்று தராமல் அப்படிப்பட்ட இடத்தில் ஆளை இறக்கக் கூடாது என்று போட்டிருந்தார்கள். போபாலுக்குப் பிறகு 1987-ல், ஆபத்து என்று பட்டால் தொழிலாளி எடுத்துச் சொல்லும் உரிமையையும் சேர்த்தார்கள். எல்லாம் சரி. தினக்கூலிக்காரர் வாயைத் திறந்து கேட்க வேண்டுமே!

ஆனாலும் அப்பா கேட்டார். அடுத்த வாரம், "சார், மத்தியானம் ஒரு தரம் மீட்டர் வச்சிப் பாத்துடுங்களேன்" என்றாராம். சூப்பர்வைசர், "உம் பையன் படிக்கிறான்ல, அதான்" என்று சிரித்துவிட்டு மீட்டரைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அப்புறம் மூன்று நாள் அப்பாவை வேலைக்குக் கூப்பிடவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று அப்பாவும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அம்மாதான் என்னை முறைத்தார். நான்காம் நாள் ஆள் வந்தது.

இப்போது அந்தப் பர்மிட்டை ஒரு பக்கத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா கேங்கில் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் வேண்டுமாம். 'ஐசொலேஷன்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். 'தனிமைப்படுத்தல்' என்று எழுதினால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. அப்பா எட்டிப் பார்த்து, "அடைச்சாச்சா, பூட்டியாச்சா, சாவி யாருகிட்டன்னு போடுப்பா" என்றார். அப்படியே போட்டுவிட்டேன்.