கல்லீரலைச் சும்மா இருக்க வைப்பது

அவசரப் பிரிவுக்குப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களிடம் நான் முதலில் சொல்வது, மெத்தனால் அப்படியொன்றும் பெரிய விஷமில்லை என்பதுதான். முகம் மாறிவிடும். 2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பக்கத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். அதற்குப் பிறகும் இப்படிப் பேசுகிறாரே என்றுதான் பார்ப்பார்கள்.

ஆனால் சிகிச்சை முழுவதும் இதில்தான் நிற்கிறது. உள்ளே போன மெத்தனால் கொஞ்சம் போதை தரும். ஆளைக் கொல்வது, அதைக் கொண்டு நம் கல்லீரல் தயாரிக்கும் சரக்கு. ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி அதை ஃபார்மால்டிஹைடு ஆக்குகிறது. இன்னொரு நொதி அதை உடனே ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் கடைசிக் கட்டத்தை இந்த அமிலம் முடக்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் தாராளமாக ஓடும், செல்லுக்கு அது உதவாது. இடைவிடாமல் சக்தி கேட்கும் பார்வை நரம்பும் மூளையின் ஆழத்தில் உள்ள புட்டாமென் பகுதியும் பெரிதாக அடிபடுவது இதனால்தான்.

இந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம். கூடவே சாதாரண மதுவும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ராத்திரி குடித்தவர் காலையில் எழுந்து, தலைவலியையும் வாந்தியையும் முந்தைய நாள் போதையின் மிச்சம் என்று நினைத்துப் படுத்துக்கொள்வார். அடுத்து வயிற்றுவலி. பிறகு, "புகை மூட்டமா தெரியுது சார்" என்பார். அந்த வார்த்தை வந்துவிட்டால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கண்ணைவிட நான் அதிகம் பார்ப்பது மூச்சை. ரத்தத்தில் அமிலம் ஏற ஏற, உடல் அதைக் கரியமில வாயுவாக வெளியேற்றப் பார்க்கும். நெஞ்சு ஆழமாக, வேகமாக ஏறி இறங்கும். அப்படி மூச்சு வாங்குகிறவர் இன்னும் போராடுகிறார். அமிலம் ஏறி ரத்தத்தின் பிஎச் 7-க்குக் கீழே போயும் மூச்சு நிதானமாக இருந்தால், ஆள் அமைதியாகிவிட்டார் என்று சந்தோஷப்படக் கூடாது. அவர் கையை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறார். பார்வை நரம்பே கெட்டிருப்பதால் வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்காமல் நிற்கும். மோசமான அடையாளம்தான். ஆனாலும் அதை மட்டும் வைத்து மூளை போய்விட்டது என்று யாரும் முடிவு கட்ட நான் விடமாட்டேன்.

கல்லீரலை எப்படிச் சும்மா இருக்க வைப்பது? ஃபோமெபிசோல் என்ற ஊசி அந்த முதல் நொதியைப் பூட்டிவிடும். கிலோவுக்கு 15 மில்லிகிராம், பிறகு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம். சுத்தமான மருந்து, மயக்கம் தராது. ஆனால் எல்லா மருத்துவமனை அலமாரியிலும் இருக்காது. இல்லாத இடத்தில் பழைய வழி, சாதாரண மதுவில் இருக்கும் எத்தனால். மெத்தனாலைவிடப் பத்து இருபது மடங்கு ஆசையோடு அந்த நொதி எத்தனாலைப் பிடித்துக்கொள்ளும். மெத்தனால் மாறாமல் வெளியே காத்துக்கிடக்கும்.

"குடிச்சுத்தானே சார் இப்படி ஆச்சு, மறுபடி அதையே குடுக்கறீங்களே?" என்று மனைவிமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நின்று பதில் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மூக்குக் குழாயில் போவது என்னவென்று வார்டு முழுக்க வதந்தி ஓடும். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் எத்தனால் நிற்க வேண்டும். குறைந்தால் நொதி கைமாறிவிடும், கூடினால் மூச்சு அடங்கும். அளவு பார்க்க வசதியில்லாத இடத்தில் நர்ஸின் கண்தான் கருவி: பேச்சு குழற வேண்டும், தட்டினால் விழிக்க வேண்டும். ரத்தச் சர்க்கரை இறங்கிவிடாமல் மணிக்கு மணி பார்க்க வேண்டும். ஒருவரை நாள்கணக்கில் ஒரே நிதானத்தில் போதையில் வைத்திருப்பதைப்போல நுட்பமான வேலை ஐசியூவில் குறைவு. அதை எங்கள் நர்ஸுகள் என்னைவிட நன்றாகச் செய்கிறார்கள்.

ஏற்கெனவே உண்டான அமிலத்தைப் பைகார்பனேட் சமாளிக்கும். அமிலத்தன்மை குறைந்தால் ஃபார்மிக் அமிலம் கண்ணுக்குள்ளும் மூளைக்குள்ளும் நுழைவதும் குறையும். அதை உடைத்து வெளியேற்ற ஃபோலேட் வேண்டும். எலிக்குக் கல்லீரலில் ஃபோலேட் அதிகம், மெத்தனால் குடித்தாலும் அதற்குப் பார்வை போவதில்லை. மனிதனிடம் அவ்வளவு இல்லை என்பதால் ஃபோலினிக் அமிலம் ஏற்றுகிறோம். பார்வை மங்கியவருக்கும், வலிப்பு வந்தவருக்கும், பிஎச் 7.15-க்கு மேல் ஏறாதவருக்கும் டயாலிசிஸ். மெத்தனால், ஃபார்மிக் அமிலம் இரண்டையும் அது கழுவி எடுக்கும். எத்தனாலையும் சேர்த்தே கழுவிவிடும் என்பதால், மிஷின் ஓடும்போது டோஸைக் கூட்ட வேண்டும்.

இவ்வளவு நடக்கும்போதே ஒருவர் நோயாளியின் காதருகே குனிந்து, "உங்ககூட வேற யார் யார் குடிச்சாங்க?" என்று கேட்க வேண்டும். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் போலீஸ் பயத்தில் வாய் மூடிவிடும். கூட்டாளி பேரைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்தக் கூட்டாளியை அழைத்து வந்தால் அவர், "எனக்கு ஒண்ணுமில்ல சார், வேலைக்குப் போகணும்" என்று கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பார். மூச்சும் பிஎச்சும் சரியாகவே இருக்கும், மெத்தனால் இன்னும் மாறியிருக்காது. எத்தனாலை முதலில் தொடங்குவது அவருக்குத்தான்.