இல்லை என்பதும் ஒரு விடைதான்



சுங்கை பெசார் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிப்பவள் நான். என் மகள் பள்ளி அறிவியல் பாடத்துக்காக இரண்டு டின்களில் பச்சைப்பயறு ஊன்றினாள். ஒன்றில் மட்டும் சாம்பல் போட்டாள். பத்து நாள் கழித்து அளந்தால் இரண்டும் ஒரே உயரம்! பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

“சாம்பல் போட்ட செடி நல்லா வளர்ந்துச்சுன்னு எழுதிடவா அம்மா?” என்று கேட்டாள்.

மதிப்பெண் போய்விடுமே என்று நானும் ஒரு கணம் தடுமாறினேன். அப்போது, படித்திருந்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிரபஞ்சம் பிறந்த சூட்டின் மிச்சம் இன்றும் வானமெங்கும் மெல்லிய வானொலி அலையாகப் பரவியிருக்கிறது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் நிலையம் கிடைக்காதபோது புள்ளி புள்ளியாகப் பொரியுமே, அதில் நூற்றில் ஒரு பங்கு அந்த அலைதான்! 1965-இல் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் அதை உலகுக்கு அறிவித்தார்கள்.

அதே வானத்தில் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளும் உண்டு. பிரபஞ்சத்திலுள்ள பொருளை ஆறு பங்கிட்டால், ஏறக்குறைய ஐந்து பங்கு அதுவே. அதன் ஈர்ப்பை மட்டும் அறிகிறோம். சாதாரணப் பொருளோடு அது வேறு வகையில் உறவாடுமா? அதுதான் புதிர்.

2018-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கருவி வைத்திருந்த அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு தடயம் கண்டதாக அறிவித்தார்கள். ஆதி காலத்து ஹைட்ரஜன் வாயு அந்தப் பழைய அலையில் கொஞ்சத்தை விழுங்கியிருந்ததாம். அதுவும் எதிர்பார்த்ததைவிட இரு மடங்குக்கு மேல்! வாயு மிகவும் குளிர்ந்திருந்தால் அவ்வளவு விழுங்கக்கூடும். கரும்பொருள்தான் அதைக் குளிர்வித்ததோ என்று விஞ்ஞானிகள் பரபரப்படைந்தார்கள்.

திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. இராமன், 1948-இல் பெங்களூரில் ஓர் ஆய்வுக் கழகம் நிறுவினார். அங்கே சௌரப் சிங், ரவி சுப்பிரமணியன் முதலானோர் இதைச் சோதிக்க முற்பட்டார்கள். தரையில் வைத்தால் அடியிலுள்ள மண்ணும் கல்லும் அளவைக் கெடுக்கும்; தண்ணீரோ ஒரே சீராக இருக்கும். ஆகவே 2020-இல் ‘சாரஸ்’ என்ற கருவியை மிதவையில் ஏற்றி, கர்நாடகத்தில் ஏரியிலும் ஷராவதி அணை நீரிலும் மிதக்கவிட்டார்கள். 2022-இல் முடிவு வெளிவந்தது: அந்தத் தடயம் அவர்கள் கருவியில் தென்படவில்லை!

கரும்பொருளே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. அந்த ஒரு சாட்சியை நம்ப முடியாது என்பதே பொருள். தோட்டத்தில் நிறுவையில் சந்தேகம் வந்தால் வேறு தராசில் போட்டுப் பார்க்கிறோம் அல்லவா? அது போலத்தான். ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் ‘இல்லை’ என்று எழுதினார்கள். பெரிய அறிவியல் ஏடு அதை மதித்து அச்சிட்டது.

என் மகளும் “வித்தியாசம் இல்லை” என்றே எழுதிக் கொடுத்தாள். மதிப்பெண் பெரிதாக வரவில்லை. ஆனால் இப்போது மறுபடியும் பயறு ஊன்றியிருக்கிறாள். இம்முறை நான்கு டின்!

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ‘ஒன்றும் வரவில்லை’ என்று வந்து நின்றால் கடிந்துகொள்ளாதீர்கள். கண்டதைக் கண்டபடி எழுதச் சொல்லுங்கள்.